நகரச் சாலைகளில் உயிரிழப்பைக் குறைப்பது எப்படி? உள்ளாட்சி அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு முனையில் பெரிய விபத்து நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் இரண்டு இரும்புத் தடுப்புகள் வரும். ஒரு வாரத்தில், எங்கோ மிஞ்சிய தாரைக் கொட்டி ஒரு வேகத்தடை. மாதக் கடைசியில் விழிப்புணர்வுப் பேரணி. மூன்றுக்கும் செலவாகிறது, அடுத்த விபத்து மட்டும் நிற்பதில்லை. "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று காரணம் எழுதி முடித்துவிட்டால், சாலையைத் திருத்த வேண்டிய வேலை யாருடையதும் அல்ல என்று ஆகிவிடுகிறது.

மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள். அந்தத் தவறுக்கு உயிர் போகாதபடி சாலையை அமைப்பதுதான் நிர்வாகத்தின் கடமை. 1997இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்ற கொள்கையின் சாரம் இதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயதுக்குள் இறப்பவர்களின் முதல் காரணமும் சாலைதான்.

வண்டியின் தரம், ஓட்டுநர் உரிமம், தண்டனைச் சட்டம் போன்றவை பெரும்பாலும் மேல்மட்ட அரசின் கையில் இருக்கின்றன. ஆனால் நடைபாதை, தெருவிளக்கு, சாலைக் கோடு, பார்க்கிங், வடிகால், தோண்டும் அனுமதி எல்லாம் பல ஊர்களில் உள்ளாட்சியின் பொறுப்பு. நகருக்குள் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான் முடிவாகிறது.

முதலில் ஒரு கணக்கு

மன்றக் கூட்டத்தில் எதிர்ப்பு வரும்போது கையில் இருக்க வேண்டிய கணக்கு இது. ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். உண்மையில் பலருக்கு ஒன்றரை நொடி ஆகும். சாலை காய்ந்திருக்கிறது, பிரேக்கும் நன்றாக இருக்கிறது.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8.3 மீட்டர் ஓடும்; பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே 13.9 மீட்டர் ஓடியிருக்கும். ஆக, 13.5 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை சாலையில் இறங்கினால், முதல் கார் குழந்தைக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் முழு 50 கி.மீ. வேகத்தோடு மோதும். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவில் ஏறுவது. 30க்கும் 50க்கும் இடையே அது சுமார் 2.8 மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு.

"வேகத்தைக் குறைத்தால் ஊரே நின்றுவிடும்" என்பார்கள். 2 கி.மீ. தூரத்தை 50இல் கடக்க 2 நிமிடம் 24 நொடி. 30இல் 4 நிமிடம். அதிகபட்ச வித்தியாசமே 96 நொடிதான். அதுவும் வழியில் சிக்னலே இல்லாமல், ஒரே வேகத்தில் ஓடினால்! நகருக்குள் பயண நேரத்தைத் தீர்மானிப்பவை சந்திப்புகள். நடுவில் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் அடுத்த சிவப்பு விளக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.

படி 1: பொறுப்பாளரும் பணமும்

ஒருவர் பெயரில் பொறுப்பு இருக்க வேண்டும். பொறியாளரோ துணை ஆணையரோ, யாராக இருந்தாலும் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம் வேண்டும். அவரோடு போக்குவரத்துக் காவல், மருத்துவமனை, மின்வாரியம், பேருந்துப் போக்குவரத்து ஆகியவற்றிலிருந்து தலா ஒருவர், மாதம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கேள்வி: போன மாதம் சொன்ன வேலை முடிந்ததா?

எந்தச் சாலை யாருடையது என்ற பட்டியலை முதல் மாதமே முடித்துவிடுங்கள். ஊருக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலை வேறு துறையுடையதாக இருக்கும். அதிக உயிர் போவதும் பல ஊர்களில் அங்கேதான். அந்தத் துறையோடு எழுத்துப்பூர்வமான உடன்பாடு இல்லாவிட்டால் மிச்ச வேலை எல்லாம் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதாகவே இருக்கும். சாலைப் பாதுகாப்புக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வேண்டும். பொதுப் பராமரிப்பில் கலந்துவிட்டால் முதல் மழைக்குப் பிறகு அந்தப் பணம் குழியடைக்கப் போய்விடும்.

படி 2: எங்கே, யார், எப்படி

காவல்துறைப் பதிவு மட்டும் போதாது. உயிரிழப்பு அதில் ஓரளவு முழுமையாக வரும், காயங்கள் வராது. தானாகச் சறுக்கி விழுந்த சைக்கிள்காரர், கால் முறிந்த பாதசாரி போன்றவர்கள் மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவிலும்தான் கிடைப்பார்கள். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பெயர்களை நீக்கிவிட்டு நாள், நேரம், இடம், வயது, வண்டி வகை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இங்கே வழக்கமாகக் கெட்டுப்போவது இடக்குறிப்பு. "பேருந்து நிலையம் அருகில்" என்று எழுதிய பதிவு 300 மீட்டரில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சம்பவ இடத்துக்குப் போகும் காவலர் கைபேசியிலேயே அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் அன்றோடு தீரும்.

குறைந்தது மூன்று ஆண்டு, முடிந்தால் ஐந்து ஆண்டுத் தரவை வரைபடத்தில் போடுங்கள். ஓராண்டுத் தரவை நம்பக் கூடாது. ஒரு முனையில் இந்த ஆண்டு தற்செயலாக விபத்து கூடியிருந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு குறையலாம். அதைப் பார்த்து "நாம் வைத்த தடுப்பு வேலை செய்தது" என்று ஏமாறுவது சகஜம்.

மோசமான பத்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மோதல் வரைபடம் போடுங்கள். ஒரு தாளில் சந்திப்பின் உருவம். ஒவ்வொரு விபத்துக்கும் இரண்டு அம்புக்குறிகள் - யார் எந்தப் பக்கமிருந்து வந்தார், எங்கே முட்டினார். பக்கத்தில் நேரம், வெளிச்சம், மழை. பத்துப் பதினைந்து அம்புகள் விழுந்ததும் ஒரு கதை தெரியத் தொடங்கும். பெரும்பாலானவை இருட்டியபின், ஒரே ஓரத்தில், நடந்து கடந்தவர்கள் மீது என்றால் அது வெளிச்சமும் கடக்கும் இடமும் சார்ந்த சிக்கல். அங்கே வேகப் பலகை வைத்துப் பயனில்லை. பின்னாலிருந்து மோதியவை என்றால் மஞ்சள் விளக்கின் நேரத்தையும் திடீரென வரும் வளைவையும் பாருங்கள்.

சின்ன ஊரில் எண்ணிக்கை குறைவாக இருக்கும். உயிர் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சந்திப்பில் இரண்டு மணி நேரம் நின்று, வண்டி கடைசி நொடியில் பிரேக் பிடித்ததையும் ஆள் ஓடித் தப்பியதையும் எண்ணுங்கள். கண்ணாடிச் சில்லும், தட்டுப்பட்டு நசுங்கிய மீடியன் (சாலையின் நடுத் தடுப்பு) முனையும், டயர் தேய்ந்த கறுப்புத் தடமும் சாட்சிகள்தான்.

வேகத்தை அளக்க விலை உயர்ந்த கருவி கட்டாயமில்லை. சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி போட்டு, ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். 6 நொடி என்றால் மணிக்கு 30 கி.மீ.; 3.6 நொடி என்றால் 50. நெரிசலில் மாட்டாமல் தன்னிச்சையாக ஓடும் 100 வண்டிகளை எடுத்து, வேகத்தை ஏறுவரிசையில் அடுக்கினால் 85ஆவது வண்டியின் வேகம்தான் உங்களுக்கு வேண்டிய எண்; பெரும்பாலான வண்டிகள் அதற்குள்தான் ஓடுகின்றன. அளப்பவர் சீருடையோ ஒளிரும் மேலங்கியோ அணிந்து நின்றால் எல்லா வண்டியும் மெதுவாகிவிடும். இரவு பத்து மணிக்கு மேலும் ஒருமுறை அளக்க வேண்டும். சாலை காலியாகும்போதுதான் அதன் உண்மையான வேகம் தெரியும்.

படி 3: தெருக்களைப் பிரித்து வேகம் நிர்ணயிப்பது

குடியிருப்பு, பள்ளி, சந்தை, மருத்துவமனைத் தெருக்களுக்கு 30 கி.மீ. மக்கள் நடுத்தெருவிலேயே நடக்கும் குறுகிய சந்துகளுக்கு 10 முதல் 20. பேருந்தும் சரக்கு வண்டியும் ஓடும் பிரதான சாலைக்கு 40 அல்லது 50. அங்கும் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனி இடம் இருந்தால் மட்டுமே. அது இல்லாவிட்டால் அந்தச் சாலையும் 30தான்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992லேயே பெரும்பாலான தெருக்களுக்கு 30 விதித்தது. ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள நகரச் சாலைகளுக்கு ஸ்பெயின் 2021இல் நாடு முழுக்க 30 ஆக்கியது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்கள் 30. 2024 ஜூலை தொடங்கி 12 மாதங்களில் அந்நகரில் சாலை விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. 2019இல் நார்வேயின் ஓஸ்லோவில் ஒரு பாதசாரியோ சைக்கிள்காரரோ இறக்கவில்லை.

தெருவுக்குத் தெரு எண்ணை மாற்றாதீர்கள். ஒரு வட்டாரம் முழுக்க ஒரே வேகம் என்றால் நுழைவாயில்களில் பலகை வைத்தால் போதும்; ஓட்டுபவருக்கும் குழப்பமில்லை.

படி 4: சாலையின் உருவமே வேகத்தைக் குறைக்கட்டும்

பலகை மட்டும் வைத்தால் வேகம் சில கி.மீ.தான் இறங்கும். 12 மீட்டர் அகலமான நேர்ச்சாலை ஓட்டுபவரிடம் "வேகமாகப் போ" என்கிறது. பலகை "30" என்கிறது. சாலைதான் ஜெயிக்கும்.

தட அகலத்திலிருந்து தொடங்குங்கள். 3.5 மீட்டர் தடம் நெடுஞ்சாலைக்கு உரியது. நகரத்துக்கு 3 மீட்டர் போதும். பேருந்து ஓடும் தடத்துக்கு 3.2 வரை போகலாம். 12 மீட்டர் சாலையில் நெருக்கியடித்த நான்கு தடங்களுக்குப் பதில் 3 மீட்டரில் இரண்டு தடம், நடுவில் 2 மீட்டர் மீடியன், இருபுறமும் 2 மீட்டர் சைக்கிள் பாதை என்று பிரிக்கலாம். நான்கு தடச் சாலையை, நடுவே திரும்பும் தடத்தோடு மூன்றாகக் குறைத்த இடங்களில் மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் குறைந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. இதற்குப் பெரும்பாலும் பெயின்ட் செலவுதான். மேல்தார் போடும் ஆண்டில் செய்தால் அந்தச் செலவும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டதே.

அடுத்து, முனை வளைவு. ஓரக்கல் பெரிய வட்டமாக வளைந்தால் வண்டி வேகம் குறைக்காமலே திரும்பும். கடப்பவருக்குத் தூரமும் கூடும். சிறு தெருக்களில் வளைவு ஆரத்தை 3 முதல் 5 மீட்டராகச் சுருக்குங்கள். "தீயணைப்பு வண்டி திரும்பாது" என்ற ஆட்சேபம் உடனே வரும். வாதிட வேண்டாம். ஓர் ஞாயிற்றுக்கிழமை காலை சாலைக் கூம்புகளை வைத்து, உண்மையான தீயணைப்பு வண்டியைத் திருப்பிப் பாருங்கள். இடம் போதாவிட்டால், வண்டிச் சக்கரம் ஏறிப்போகக்கூடிய தாழ்வான கரடுமுரடான கல் பதித்த விளிம்பு வைக்கலாம். லாரி ஏறிப் போகும். கார் அதைத் தவிர்த்து மெதுவாகத் திரும்பும்.

வேகத்தடையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் போடப்படுவதும் அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். சரியான வட்ட வடிவத் தடை, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 75 முதல் 100 மி.மீ. உயரமும் கொண்டது. அதில் 25-30 கி.மீ. வேகத்தில் வசதியாக ஏறி இறங்கலாம். 50இல் போனால் தூக்கிப் போடும். பல ஊர்களில் இருப்பதோ அரை மீட்டர் நீளத்தில் 150 மி.மீ. உயரத்துக்குக் குவித்த தார் மேடு. அதில் எல்லோரும் நின்று ஏறி, மறுபக்கம் சீறிப் பாய்கிறார்கள். இருட்டில் வரும் டூவீலர்காரர் விழுகிறார். ஆம்புலன்ஸில் இருக்கும் முதுகெலும்பு முறிந்தவருக்கு அது வேறு தண்டனை.

செய்யும் முறை: பலகையில் வெட்டிய வார்ப்புரு ஒன்றை ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, அதை வைத்துச் சரிபார்த்த பிறகே பில் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மேடு தொடங்கும், முடியும் விளிம்புகளில் பழைய தாரை 25 முதல் 40 மி.மீ. ஆழம் சுரண்டி, பிசின் தார் பூசி, அதற்குள் புதுக்கலவையை அமர்த்த வேண்டும். மேலாகக் கொட்டினால் பிரேக் அழுத்தத்திலேயே விளிம்பு பெயர்ந்து கல் சிதறும். ஒற்றைத் தடை அந்த இடத்தில் மட்டும்தான் வேகம் குறைக்கும். 60 முதல் 100 மீட்டர் இடைவெளியில் வரிசையாகப் போட்டால்தான் தெரு முழுக்க வேகம் இறங்கும். மழைநீர் போக ஓரத்தில் இடைவெளி விட்டால் பைக்குகள் அந்த இடைவெளிக்குள் நுழைந்து, நடப்பவரை ஒட்டிப் பாயும். ஆகவே தடையை ஓரக்கல்வரை நீட்டி, அடியில் மூடிய வடிகால் கொடுங்கள். இதே காரணத்தால்தான், சாலையின் முழு அகலத்துக்கும் இல்லாமல் இடைவெளி விட்டுப் போடும், பேருந்துக்கு இடைஞ்சலில்லாத "குஷன்" வகைத் தடைகள் டூவீலர் மிகுந்த ஊர்களில் தோற்றுப்போகின்றன.

பள்ளி முன்பும் சந்தை முன்பும் தனித் தடையைவிட உயர்த்திய நடைக்கடவு (நடப்பவர் சாலையைக் கடக்கும் இடம்) மேல். நடைபாதையின் உயரத்துக்கே, 75 முதல் 100 மி.மீ., சாலையை உயர்த்தி, தட்டையான மேல்பகுதியில் கடவு. நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

படி 5: கடக்கும் இடம்

மக்கள் கடக்கும் இடத்தில் கடவு வைக்க வேண்டும். கடவு வைத்த இடத்துக்கு மக்களை விரட்டக் கூடாது. 100 மீட்டருக்கு மேல் சுற்றி நடக்கச் சொன்னால் மீடியன் வேலியில் ஒரு கம்பி வளையும், பிறகு இரண்டு. அந்த ஓட்டையை அடைக்கப் பணம் செலவழிக்காதீர்கள். கடவு அங்கேதான் வேண்டும். நடைமேம்பாலமும் இதே கதைதான்: படியேறி இறங்கும் நேரத்தில் கீழே மூன்று முறை கடந்துவிடலாம் என்பதால் அது விளம்பரப் பலகையாகவே நிற்கும்.

ஒரு திசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடம் இருந்தால் கடப்பவர் பாதியில் நின்றுகொள்ள நடுவில் தங்குதிட்டு கட்டாயம். அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, சைக்கிள் இவை நிற்க 2 மீட்டர் நல்லது. பல தடச் சாலையில் வெறும் வெள்ளைக்கோடு ஆபத்து: முதல் தடத்தில் ஒரு லாரி நின்று வழிவிடும், அடுத்த தடத்தில் வருபவருக்கு லாரிக்குப் பின்னாலிருக்கும் ஆள் தெரியவே மாட்டார். அங்கே தடத்தைக் குறைக்க வேண்டும் அல்லது சிக்னல் வேண்டும். நிறுத்தக் கோட்டையும் கடவிலிருந்து சில மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

கடவுக்கு முன் 6 மீட்டருக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. நின்ற காருக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்குழந்தை, காலை வெளியே வைத்த பிறகுதான் கண்ணில் படும். "நிறுத்தாதீர்" என்று எழுதினால் நிறுத்துவார்கள். நடைபாதையை அகலப்படுத்துங்கள், சைக்கிள் ஸ்டாண்டோ குட்டைக் கம்பமோ வையுங்கள். அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரம் முனைகளை இப்படித் திறந்துவிட்டதை முக்கிய நடவடிக்கையாகச் செய்தது. 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே சாலை மரணம் இல்லை.

விளக்கை நேர் தலைக்குமேல் வைத்தால் நடப்பவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். வண்டி வரும் பக்கத்தில், கடவுக்குச் சற்று முன்னால் வையுங்கள். வெளிச்சம் அவர்மேல் முன்பக்கமாக விழும். இருவழிச் சாலைக்கு இருபுறமும் ஒவ்வொன்று.

சிக்னல் நேரம்: சாலை 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 12 நொடி, முதியவர் 0.8 மீட்டர் நடந்தால் 17.5 நொடி. மருத்துவமனை, கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி அருகே இரண்டாவது கணக்கைப் போட்டு, அதோடு நடக்கத் தொடங்க 3 நொடி சேருங்கள். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 நொடி முன்னதாக நடப்பவருக்குப் பச்சை கொடுத்தால், திரும்பும் ஓட்டுநர் பார்க்கும்போது அவர் ஏற்கெனவே சாலை நடுவில், கண்ணுக்குத் தெரியும்படி இருப்பார். காத்திருப்பு 40 நொடியைத் தாண்டினால் ஆட்கள் பொறுமை இழந்து இறங்கத் தொடங்குவார்கள். மொத்தச் சுழற்சி 60 முதல் 90 நொடிக்குள் இருக்கட்டும்.

படி 6: சந்திப்புகள்

நான்கு வழிச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் 32 இடங்களில் முட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8தான். சிக்னல் சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றினால் காயம், மரணம் விளைவிக்கும் மோதல்கள் 78 சதவீதம் குறைவதாக அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் நுழையும் வண்டி கட்டாயம் வளைய வேண்டும். நடுத்திட்டு சிறிதாகி, நேராகவே ஓட்டிச் செல்ல முடிந்தால் அது அலங்காரம் மட்டுமே. நடைக்கடவை வழிவிடும் கோட்டிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது 6 மீட்டர், பின்தள்ளுங்கள். பல தட ரவுண்டானாவை நடப்பவரும் சைக்கிளும் மிகுந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

எதையும் கான்கிரீட்டில் செய்வதற்கு முன் பெயின்ட், கூம்பு, வளையும் கம்பங்கள் கொண்டு நான்கு முதல் எட்டு வாரம் ஒத்திகை பாருங்கள். வியாபாரிகளின் எதிர்ப்பு முதல் இரண்டு வாரம் உச்சத்தில் இருக்கும். அந்த வாரங்களில் முடிவெடுக்காதீர்கள்.

படி 7: ஓரங்கள்

நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். மின்பெட்டி, மரம், கடை நீட்டல் எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் அளக்க வேண்டும். உயரம் 150 மி.மீ.யைத் தாண்டினால் மக்கள் ஏற மாட்டார்கள், சாலையில்தான் நடப்பார்கள். ஏறும் சரிவு 1:12, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நடைபாதையை இறக்கி ஏற்றாமல், வண்டிதான் சரிவேறி வர வேண்டும் என்று வையுங்கள்.

வடிகால் சல்லடைக் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் சைக்கிள் சக்கரம் சிக்கும். பேருந்து நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருப்பது நல்லது. இறங்கியவர் பேருந்துக்குப் பின்னால் கடப்பார். பின்னால் வரும் வண்டிக்கு அவர் தெரிவார்.

படி 8: கண்காணிப்பு

உருவத்தை மாற்ற முடியாத பிரதான சாலைகளுக்கே கேமரா. ஓரிடத்தில் படம் பிடிப்பதைவிட, இரு புள்ளிகளுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் வகை பயன் தரும். கேமராவுக்கு முன் பிரேக் பிடித்து, தாண்டியதும் பாய்வது அதனிடம் செல்லாது. ஹெல்மெட், மது, வேகம் ஆகிய மூன்றின்மீது காவல்துறையின் நேரத்தைக் குவியுங்கள். சரியாக மாட்டிய ஹெல்மெட் இறப்பு அபாயத்தை ஆறில் ஒரு பங்குக்கும் கீழாக்கும். அபராதம் வீட்டுக்கு வர மூன்று மாதம் ஆனால் யாருக்கும் எதற்காக என்று நினைவிருக்காது.

படி 9: பராமரிப்பும் தோண்டலும்

நல்ல வேலை பெரும்பாலும் இங்கேதான் அழிகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே 40 மி.மீ. போட்டால் மூன்றாவது முறையில் 150 மி.மீ. நடைபாதை 30 மி.மீ. ஆகிவிடும், பைக்குகள் ஏறும். உயர்த்திய கடவும் காணாமல் போகும். "சுரண்டிய பிறகே மேல்தார்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சாலைக்கோடு தெர்மோபிளாஸ்டிக்கில் (சூட்டில் உருக்கிப் பூசும் கோட்டுக் கலவை), உருகிய நிலையில் கண்ணாடி மணிகள் தூவிப் போட வேண்டும். மணி தூவாத கோடு பகலில் பளிச்சென்று இருக்கும். இரவு வண்டி வெளிச்சத்தில் தெரியாது. வேலை முடிந்த அன்றிரவே ஹெட்லைட்டில் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

குழாய், கேபிள் தோண்ட அனுமதி தரும்போது மூன்று நிபந்தனைகள்: நடப்பவருக்குத் தடுப்புக்குள் மாற்றுப்பாதை, இரவு முழுக்க ஒளிரும் எச்சரிக்கை, மூடியபின் கோடும் கடவும் பழையபடி. வைப்புத்தொகையை மூன்றையும் நேரில் பார்த்த பிறகே திருப்பித் தாருங்கள்.

படி 10: அளந்து பார்ப்பது

விபத்து எண்ணிக்கை நிலைபெற மூன்றாண்டு ஆகும். வேகம் ஒரு மாதத்திலேயே தெரியும். முன்பு அளந்த அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் மீண்டும் 100 வண்டிகள். 30 விதித்த தெருவில் 85ஆவது வண்டி இன்னும் 42இல் ஓடுகிறது என்றால் பலகையைப் பெரிதாக்கிப் பயனில்லை; தடைகளின் இடைவெளியைக் குறையுங்கள், தடத்தை இன்னும் ஒடுக்குங்கள். இணைத் தெருக்களிலும் அளக்க வேண்டும். பிரதான தெருவை அடக்கினால் சிலர் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியிருப்பார்கள். அப்போது அந்தச் சந்தில் ஒருவழியோ குறுக்குத் தடுப்போ தேவைப்படும்.

முன்-பின் எண்களை வார்டு வாரியாக அலுவலக வாசலிலும் இணையதளத்திலும் ஒட்டுங்கள். வேகம் குறையாத தெருக்களின் பட்டியல் முதலில் வரட்டும். அடுத்த ஆண்டின் வேலைத்திட்டம் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கும்.